‘ஹெட்’ என்றால் தலை மட்டும்தானா?

ஷென்ஜென் நகரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் போன மாதம் கேட்டிருந்தார்: “என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறார். ‘ஹெட்’ என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். உடம்பில் இருப்பதும் ஹெட், துறைத் தலைவரும் ஹெட், ஆணியின் கொண்டையும் ஹெட், நாணயத்தின் தலைப்பக்கமும் ஹெட், பீர் கோப்பையில் மிதக்கும் நுரையும் ஹெட். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆங்கிலேயர்கள் இத்தனையையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?”

சுருக்கமான பதில்: அவர்கள் நினைவில் வைப்பதே இல்லை. ஒரு சொல்லின் பல பொருள்கள் மனதில் பட்டியலாக இருப்பதில்லை, மரமாக இருக்கின்றன. மனித உடலில் தலை மேலே இருக்கிறது. ஆகவே மேலே இருப்பதெல்லாம் தலை: ஆணிக்கும் பீருக்கும் அப்படித்தான் தலை வந்தது. தலைதான் உடலை நடத்துகிறது. அதனால் துறையை நடத்துபவர் தலை. ஆளை எண்ணினாலும் ஆட்டை எண்ணினாலும் தலையைத்தான் எண்ணுகிறோம்; அதனால் எண்ணிக்கைக்கும் தலை. தண்டு ஒன்று, கிளைகள் பல. புதுக் கிளையைப் பார்த்தாலும் அது எந்தத் தண்டிலிருந்து வந்தது என்று மனம் ஊகித்துவிடும்.

அன்றாடம் புழங்கும் சொற்களுக்கே இப்படிக் கிளைகள் அதிகம். இதை 1945-இல் ஜார்ஜ் ஜிஃப் என்ற மொழி ஆய்வாளர் கணக்காகவே காட்டினார். ஆனால் எல்லாச் சொற்களும் இப்படி ஒரே மரமாக இருப்பதில்லை. ‘பார்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: மரப்பட்டையும் அதுதான், நாயின் குரைப்பும் அதுதான். இரண்டுக்கும் உறவே கிடையாது. ஜெனிஃபர் ராட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி உறவில்லாத பொருள்களைச் சுமக்கும் சொற்களை அடையாளம் காண மூளைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. உறவுள்ள பல பொருள்களைக் கொண்ட சொற்களையோ இன்னும் வேகமாகவே அடையாளம் காண்கிறது. கிளை அதிகமானால் சுமை கூடவில்லை, பிடிமானம் கூடுகிறது.

சரி, ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மரம் இருக்கிறது. சீன நண்பருக்கு? அவரிடமும் ஒரு மரம் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

சீனத்தில் தலைக்கு ‘தோவ்’ என்று பெயர். அதன் கிளைகள் ஆங்கிலக் கிளைகளோடு எங்கே உரசுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது எனக்கு அலுக்கவே அலுக்காத வேலை. ஆறு பிறக்கும் இடம் ஆங்கிலத்தில் ‘ஹெட்வாட்டர்ஸ்’. சீனத்தில் ‘யுவென்தோவ்’, அதாவது ஊற்றின் தலை. நாம் தலைக்காவிரி என்கிறோம். மூன்று மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. செய்தித்தாளின் முதன்மைச் செய்திக்குச் சீனத்தில் ‘தோவ்தியாவ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஹெட்லைன்’, தமிழில் தலைப்புச் செய்தி. முழுப் பூண்டை எண்ணும்போது ஆங்கிலேயரும் ஒரு தலை என்பார், சீனரும் ஒரு தலை என்பார். ஆனால் முட்டைக்கோஸுக்கு வந்ததும் பாதை பிரிகிறது. ஆங்கிலத்தில் அதுவும் தலைதான். சீனத்தில் செடிகளை எண்ணும் ‘க்க’ என்ற வேறு சொல் வந்துவிடும்.

சிகரெட்டைப் பாருங்கள். குடித்து முடித்துக் கீழே போடும் துண்டுக்கு ஆங்கிலத்தில் ‘பட்’ என்று பெயர், அதாவது அடிப்பாகம். அதே துண்டு சீனத்தில் ‘யென்தோவ்’, புகையின் தலை! ஒருவருக்கு அடியாகத் தெரிவது இன்னொருவருக்குத் தலையாகத் தெரிவது எப்படி? சீன ‘தோவ்’ மேல்பக்கத்தை மட்டும் குறிப்பதில்லை. எந்த நீளமான பொருளின் நுனியும் தோவ்தான். ஒரு கழியின் இரண்டு முனைகளையும் ‘இரண்டு தலை’ என்றே சொல்வார்கள். இந்தக் கிளை ஆங்கில மரத்தில் இந்த அளவுக்கு வளரவே இல்லை.

‘முதல்’ என்ற கிளையும் அப்படித்தான். சீனத்தில் முதல் கருவுக்கு ‘தோவ்தை’, தலைக்கரு. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை என்று நம் வீடுகளில் சொல்வதுதான். ஆங்கிலேயரிடம் போய் ‘ஹெட் சைல்ட்’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

ஆக, நண்பரின் ஆங்கிலம் இரண்டு விதமாகத் தடுக்குகிறது. ‘தோவ்’ போகும் இடத்துக்கெல்லாம் ‘ஹெட்’டையும் இழுத்துக்கொண்டு போவது ஒன்று. ‘தோவ்’ போகாத இடத்தில் ‘ஹெட்’ இருந்தால் கண்ணில் படாமல் போவது இன்னொன்று. துறைத் தலைவருக்குச் சீனத்தில் ‘ஜூரென்’, நாணயத்தின் தலைப்பக்கத்துக்கு ‘ஜெங்மியென்’, பீர் நுரைக்கு ‘பாவ்மோ’. இவை எவற்றிலும் தலையே கிடையாது.

இது நண்பரின் கவனக்குறைவு இல்லை. நான் ஜியாங் என்ற ஆய்வாளர் (‘நான்’ என்பது அவர் பெயர்) 2002-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தில் ‘பிராப்ளம்’ வேறு, ‘கொஸ்டின்’ வேறு. சீனத்தில் இரண்டுக்கும் ‘வென்தி’ என்ற ஒரே சொல்தான். இப்படிச் சீனத்தில் ஒரே சொல்லாக மாறும் ஆங்கில ஜோடிகளையும், அப்படி மாறாத ஜோடிகளையும் கொடுத்து, “இவை பொருளில் எவ்வளவு நெருக்கம்?” என்று கேட்டார். நன்றாக ஆங்கிலம் அறிந்த சீனர்களுக்கு முதல் வகை ஜோடிகள் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தன, பதிலும் விரைவாக வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. உதடு ஆங்கிலம் பேசினாலும், அளவுகோல் சீனத்துடையதாகவே இருந்திருக்கிறது.

இங்கேதான் நான் மிகவும் ரசிக்கும் சோதனை வருகிறது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அந்த அலைகளில் ஒன்றுக்கு ‘என்400’ என்று பெயர். 1980-இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் கண்டுபிடித்தது. “சூடான ரொட்டியில் அவன் காலுறையைத் தடவினான்” என்பது போன்ற வாக்கியத்தைப் படிக்க வைத்தார்கள். கடைசிவரை வெண்ணெயை எதிர்பார்த்த மூளை, காலுறையைக் கண்டதும் ஏறக்குறைய 400 மில்லிநொடியில் எதிர்மின் பக்கமாக ஓர் அலையை எழுப்புகிறது. சொல் எதிர்பாராததாக இருந்தால் அலை பெரிது, ஏற்கெனவே மனம் அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் அலை சிறிது.

ஒரே ஒரு முறை பதிந்தால் இந்த அலை கண்ணுக்குத் தெரியாது. கண் சிமிட்டல், தசை இறுக்கம், வேறு ஆயிரம் எண்ணங்கள் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். அதனால் பல பத்துச் சொற்களைக் காட்டி, ஒவ்வொரு சொல்லும் தோன்றிய நொடியைச் சுழியமாக வைத்து, எல்லாப் பதிவுகளையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். தற்செயலான இரைச்சல் ஒரு முறை மேலே போகும், மறுமுறை கீழே போகும், கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரையும். சொல்லோடு கட்டுண்ட அலை மட்டும் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வந்து எஞ்சி நிற்கும். திருவிழாக் கூட்டத்தின் பேச்சொலிக்கு நடுவே, தாளம் தவறாமல் அடிக்கும் ஒரே ஒரு மணியைப் பிரித்துக் கேட்பதைப் போல. மைக்ரோவோல்ட் அளவுதான் இருக்கும் அந்த மணியொலி!

இந்தக் கருவியோடு கியோம் தியெரியும் யான் ஜிங் வூவும் வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தார்கள். ஆய்வு 2007-இல் வெளியானது. சிறுவயது கடந்த பிறகு ஆங்கிலம் கற்ற சீனர்களிடம் இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, “பொருளில் உறவு உண்டா, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்கள். சோதனை முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. சீன எழுத்து ஒன்றுகூடத் திரையில் வரவில்லை.

ஜோடிகளில் ஒன்று: ‘டிரெயின்’, ‘ஹாம்’. ரயிலுக்கும் பன்றித்தொடை இறைச்சிக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனால் சீனத்தில் ரயில் ‘ஹுவோச்செ’, நெருப்பு வண்டி. ஹாம் ‘ஹுவோதுவெய்’, நெருப்புக் கால். இரண்டும் ஒரே ‘ஹுவோ’வில் தொடங்குகின்றன. இப்படிச் சீனப் பொதுவெழுத்து ஒளிந்திருக்கும் ஜோடிகளைச் சத்தமில்லாமல் நடுநடுவே செருகியிருந்தார்கள்.

சோதனைக்கு வந்த சீனர்கள் “உறவு இல்லை” என்றே சரியாகப் பதில் சொன்னார்கள். பதில் சொல்ல எடுத்த நேரத்திலும் மாற்றமில்லை. ஒளிந்திருந்த எழுத்தை அவர்கள் கவனிக்கவும் இல்லை. ஆனால் என்400 அலை மட்டும் அந்த ஜோடிகளுக்குச் சிறுத்திருந்தது! மூளைக்குள் யாரோ ‘ஹுவோ’ என்று முணுமுணுத்திருக்கிறார்கள். சொந்தக்காரருக்கே அது கேட்கவில்லை. சீனம் தெரியாத ஆங்கிலேயர்களிடம் அந்தச் சிறுப்பு காணப்படவில்லை.

முணுமுணுத்தது எழுத்தின் உருவமா, ஒலியா? 2010-இல் அதையும் பிரித்துப் பார்த்தார்கள். கணக்கருக்குச் சீனத்தில் ‘க்வாய்ஜி’, மாநாட்டுக்கு ‘ஹுவெய்யி’. இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றே, உச்சரிப்பு வேறு. அனுபவத்துக்கு ‘ஜிங்யென்’, வியப்புக்கு ‘ஜிங்யா’. ஒலி ஒன்று, எழுத்து வேறு. ஒலி ஒன்றிய ஜோடிகளுக்கே அலை சிறுத்தது. ஆங்கிலத்தைப் படிக்கும்போது அவர்கள் உள்காதில் சீனத்தைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றும் தெரியவந்தது: மனதைப் புண்படுத்தும் பொருளுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு இந்த உள்மொழிபெயர்ப்பு தென்படவில்லை. கசப்பான சொல் வரும்போது தாய்மொழிக்குப் போகும் கதவை மூளை தானே சாத்திக்கொள்கிறது என்று அவர்கள் கருதினார்கள். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாரும் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆல்பர்ட் கோஸ்டாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2017-இல் வேறொன்றைச் சொன்னார்கள்: சீனம் ஒவ்வொரு முறையும் விழித்தெழ வேண்டியதில்லை, ஆங்கிலம் கற்ற காலத்திலேயே ஆங்கிலச் சொற்கள் சீன உறவுமுறைப்படி ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டுவிட்டன, இப்போது தெரிவது அந்த முடிச்சுதான் என்று. விவாதம் தொடர்ந்தது. எது சரியென்றாலும், நண்பரின் ‘ஹெட்’ தனியாக நிற்கவில்லை. அதன் வேர் ‘தோவ்’ இருக்கும் மண்ணில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் மனதில் உள்ளதைச் சொல்லாமல் போக முடியாது. நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் தமிழ் பேசினால் அபராதம். “ஆங்கிலத்திலேயே யோசி” என்பார்கள். தாய்மொழியைப் பூட்டிவைத்தால்தான் அயல்மொழி வரும் என்பது, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதைப் போன்ற ஒரு மூடநம்பிக்கை. வெட்கத்தையும் காசையும் பிடுங்கினால் குழந்தையின் வாய் மூடும், மூளை மூடாது. ரயிலையும் இறைச்சியையும் பார்த்த அந்தச் சீனர்களாலேயே தங்கள் தாய்மொழியை நிறுத்திவைக்க முடியவில்லை. இரண்டு மூன்று மொழிகளில் புழங்கும் குழந்தைகள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுடைய மூளையில் தமிழும் ஆங்கிலமும் எப்படி முடிச்சிட்டுக்கொள்கின்றன என்று அறிய நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாகப் பணம் தர வேண்டும். ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும்.

வாசகரின் நண்பருக்கு நான் எழுதியனுப்பியது இதுதான். அகராதியைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். ஒரு தாளில் ‘தோவ்’ என்று எழுதி அதன் கிளைகளை எல்லாம் வரையுங்கள். வேறு நிறத்தில் ‘ஹெட்’டின் கிளைகளை அதன்மேல் வரையுங்கள். இரண்டு நிறமும் சேரும் இடங்களைப் படிக்கவே வேண்டாம்; ஆறும் பூண்டும் செய்தித்தலைப்பும் ஏற்கெனவே உங்களுடையவை. சீன நிறம் மட்டும் உள்ள கிளைகளில் சிவப்புக் கோடு போடுங்கள். ஆங்கில நிறம் மட்டும் உள்ளவற்றைத் தண்டோடு சேர்த்துப் படியுங்கள்: கோப்பையில் மேலே நிற்பதால் நுரைக்குத் தலை, முன்னே நின்று நடத்துவதால் துறைக்குத் தலை.

மாட்டை மறந்துவிடாதீர்கள் என்றும் எழுதினேன். சீனத்தில் ஐம்பது மாடு என்று வெறுமனே சொல்ல முடியாது. எண்ணுக்கும் மாட்டுக்கும் நடுவே ‘தோவ்’ வந்தே தீரும், ஐம்பது தலை மாடு. ஆங்கிலப் பண்ணைக்காரரும் ‘ஃபிஃப்டி ஹெட் ஆஃப் கேட்டில்’ என்றுதான் சொல்வார். ‘கேட்டில்’ என்ற சொல்லே தலையைக் குறிக்கும் ‘கபுத்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. முதலில் சொத்து என்று பொருள்பட்டு, பிறகு மாட்டுக்கு நிலைத்தது. இன்னொன்று: சீனப் பெயர்ச்சொற்களுக்குப் பன்மை விகுதி போடும் வழக்கம் இல்லாததால், ஆங்கிலம் எழுதும் சீனர்கள் ‘எஸ்’ஸை விட்டுவிட்டுத் திருத்தப்படுவது வழக்கம். இந்த ஒரு தொடரில் ஐம்பது தலை இருந்தாலும் ‘ஹெட்’டுக்கு ‘எஸ்’ கிடையாது. நண்பர் தன் பழக்கப்படி எழுதினாலே சரியாக இருக்கும்.