சப்போர்ட்டட் லிவிங்: தமிழில் என்ன சொல்வது?

மாற்றுத்திறனாளி ஒருவர் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். குளிப்பதோ, சமைப்பதோ, வங்கிக்குப் போவதோ, எதில் உதவி வேண்டுமோ அதற்கு மட்டும் ஆள் வருகிறார். இந்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலத்தில் சப்போர்ட்டட் லிவிங் என்கிறார்கள். தமிழில் ‘ஆதரவு இல்லம்’ என்று எழுதினால் இரண்டு சொல்லுமே இடறும்.

முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று வழங்கி வழங்கி ‘இல்லம்’ நிறுவனத்தின் பெயராகிவிட்டது. இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு அவரே குடிபோகிறார். வினைச்சொல்லே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

‘ஆதரவு’ வடமொழி ‘ஆதர’ என்பதிலிருந்து வந்தது. மதிப்பு, அக்கறை என்று பொருள். நல்ல பொருள்தான். ஆனால் ‘ஆதரவற்றோர்’ என்ற வழக்கின் நிழல் அதன்மேல் விழுந்துவிட்டது. கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் நிலைமை தலைகீழ்: ‘சப்’ என்றால் கீழிருந்து, ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. தாங்குபவர்தான் கீழே நிற்கிறார்.

இதற்குத் ‘துணை’ பொருந்தும். உடன் வருபவர் என்பது எல்லோரும் அறிந்த பொருள். ‘தினைத்துணை’, ‘பனைத்துணை’ என்று குறளில் வரும்போது அதே சொல் அளவைக் குறிக்கிறது. உதவி இங்கே அளந்து தரப்படுவதால் இரண்டு பொருளும் வேண்டியவையே. ஒரு சிக்கல் உண்டு: ‘துணைவாழ்வு’ என்றால் திருமணம் என்று நினைப்பார்கள். அதனால் ‘துணைபெறு வாழ்வு’ என்பதே தெளிவு. பலர் சேர்ந்திருந்தால் ‘துணைபெறு பகிர்வீடு’. உதவ வருபவர் துணையாளர். ‘பராமரிப்பாளர்’ வேண்டாம், பராமரிப்பு காருக்கும் கட்டடத்துக்கும் இருக்கட்டும்.

பெயர்ப்பலகையை மாற்றியதும் காப்பகம் வீடாகிவிடாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006), பிரிவு 19, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017இல் தந்த பொது விளக்கம் இன்னும் கறாரானது: ஐந்து முதல் எட்டுப் பேர் இருக்கும் சிறிய குழு வீடானாலும், ஏன், தனி வீடேயானாலும், நிறுவனத்தின் குணங்கள் இருந்தால் அது சுதந்திர வாழ்வு ஆகாது. உதவியாளரைக் கட்டாயமாகப் பிறரோடு பகிர வேண்டியிருப்பதும், யார் உதவுவது என்பதில் தனக்குச் சொல்லுரிமை இல்லாததும் அந்தக் குணங்களில் அடங்கும்.

ஆகவே குடிபோகுமுன் காகிதங்களைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் ஒன்று, துணையாளர் உதவிக்கான ஒப்பந்தம் ஒன்று என இரண்டு தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே காகிதமாக இருந்தால், துணையாளரை அனுப்பும் நிறுவனத்தோடு பிணக்கு வந்து விலகும்போது வீடும் கைவிட்டுப் போகும். அறைச் சாவி யாரிடம், குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, உடன் இருப்பவர் காலி செய்துவிட்டால் அவர் பங்கு வாடகை யார் தலையில், புதியவரை ஏற்பதில் உங்கள் பேச்சுக்கு இடம் உண்டா என்பவையும் எழுத்தில் வேண்டும்.

அதிகம் தகராறு வருவது துணை நேரத்தின் கணக்கில்தான். அந்த நேரம் இருவகை: வீட்டுக்குப் பொதுவான பகிர்நேரம், ஒருவருக்கே உரிய தனிநேரம். நான்கு பேர் வீட்டில் ஒரு துணையாளர் நாள் முழுதும் இருக்கிறார் என்பதால் உங்களுக்கு 24 மணி நேர உதவி இருப்பதாகாது. அவர் ஒருவரைக் குளிப்பாட்டும்போது மற்ற மூவர் காத்திருப்பார்கள். வாரம் 10 மணி தனிநேரம் என்றால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதற்கு என்று குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்த வாரம் உங்கள் நேரம் அவருக்குப் போய்விடும். கணக்கில் மட்டும் உங்கள் பெயரில் இருக்கும்.

இரவுப்பணியும் இருவகை: விழித்திருக்கும் பணி, தூங்கிக்கொண்டே அழைத்தால் எழுந்துவரும் பணி. வலிப்பு வருபவருக்கு இரண்டாவது போதாமல் போகலாம். வலிப்பின்போது அவரால் அழைக்க முடியாது. படுக்கை உணரி (அசைவை உணர்ந்து ஒலிக்கும் கருவி) பொருத்துவார்களா, அது ஒலித்தால் அடுத்த அறைவரை கேட்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே தாவலில் குடிபோக வேண்டாம். முதலில் ஒரு மாலை. பிறகு அங்கேயே ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு ஓர் இரவு. பிறகு வார இறுதி. அந்த ஓர் இரவு வேலைநாளாக இருக்கட்டும். காலை அவசரத்தில் குளியலறைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதும், பணிமாற்றம் இரவு ஒன்பதுக்கு என்பதால் எட்டரைக்கே எல்லோரையும் படுக்கவைக்கிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியும். அப்படிப் படுக்கவைத்தால் அது இல்லம்தான்.