வெந்நீரூற்றுக்குப் பக்கத்தில் குழாய்க்கிணறு தோண்டுமுன்

திருகோணமலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கக் குனிந்தால் போதும், யாராவது கேட்டுவிடுவார்கள்: "கீழே எரிமலை இருக்கோ?"

இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலையே கிடையாது. அந்த ஏழு கிணறுகளிலும் ஊறுவது எப்போதோ பெய்த மழைதான். பாறை வெடிப்புகளில் இறங்கும் நீர், கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை என்ற கணக்கில் சூடேறுகிறது. சூடானதும் அடர்த்தி குறைந்து, இன்னொரு வெடிப்பைப் பிடித்து மேலே வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் ஒரே சூடு இல்லை? நான் முதலில் சந்தேகிப்பது மேல்மட்டக் குளிர்நீரின் கலப்பை.

கையை வைத்துப் பார்த்து ஆழத்தின் சூட்டைச் சொல்ல முடியாது. நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா சொல்லும். 100 பாகையில் குவார்ட்ஸ் என்ற பாறைக் கனிமத்திலிருந்து லீற்றருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் சிலிக்கா கரையும். 200 பாகையில் 260 அளவில். நீர் விரைவாக மேலேறினால் அந்தச் சிலிக்கா படிய அவகாசம் இருக்காது. ஆனால் குளிர்நீர் கலந்திருந்தால் கணக்கு குறைத்துக் காட்டும். அதனால் மக்னீசியத்தையும் பார்ப்பேன். ஆழத்துச் சூட்டில் அது கனிமங்களுக்குள் போய்விடும். ஊற்று நீரில் கூடுதலாகத் தெரிந்தால், கலப்பு நடந்திருக்கிறது. பி.எச். அளவை மட்டும் ஊற்றடியிலேயே எடுத்துவிட வேண்டும். காபனீரொட்சைட்டு பறந்த பிறகு ஆய்வுகூடம் தரும் எண்ணை நான் நம்புவதில்லை.

எரிமலைச் சூடுள்ள ஊரிலேயே இந்த ஓட்டம் குலைந்திருக்கிறது. நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் வீடுகளும் விடுதிகளும் துளையிட்டு வெந்நீர் இழுத்ததில், அங்குள்ள வாக்கரேவாரேவா என்ற இடத்தின் பீறிடும் ஊற்றுகள் தளர்ந்தன. அவற்றில் ஒன்றான போஹூட்டு ஊற்றிலிருந்து 1.5 கிலோமீற்றருக்குள் இருந்த துளைகளை மூட 1986இல் அரசு உத்தரவிட்டது. நிலத்தடி அழுத்தம் ஏறியது, சில ஊற்றுகள் திரும்பின. 1958இல் நிலத்தடி வெப்பத்தில் ஓடும் மின்நிலையம் வந்த, அதே நாட்டின் வைராக்கேயில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே பீறிடும் ஊற்றுகள் ஓய்ந்தே போயின.

நம்முடையது போன்ற மெல்லிய ஊற்றை மேலே தள்ளும் அழுத்தம் சொற்பம். பக்கத்தில் ஒரு பம்பு ஓடினால், சூடான நீர் வர வேண்டிய வழியில் குளிர்நீர் புகுந்துவிடலாம். கைக்குத் தெரியுமுன் மக்னீசியம் ஏறி, சிலிக்கா இறங்கத் தொடங்கலாம். ஆகவே தோண்டுமுன் மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை ஊற்றின் சூட்டையும் உப்பையும் அளந்து எழுதி வையுங்கள். பழைய அளவு இல்லாவிட்டால் பிறகு வரும் சண்டையில் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

எத்தனை மீற்றர் தள்ளித் தோண்டலாம் என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை. வெடிப்பு ஓடும் திசையைப் பார்க்காமல் எண் சொல்பவரை நம்பாதீர்கள். ஐம்பது மீற்றரில் தோண்டியும் ஒன்றும் ஆகாதிருக்கலாம். அதே வெடிப்பின் மேல் அரைக் கிலோமீற்றர் தள்ளித் தோண்டியும் ஊற்று இறங்கலாம்.