ஓடும் ரயிலை நிறுத்தாமல் மின்சாரத்தை மாற்றிய கதை

சென்னை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று மின்விசிறி நின்று விளக்கும் அணைந்துவிடும். மோட்டார் சத்தம் அடங்கி, சக்கரம் உருளும் ஓசை மட்டும் கேட்கும். சில விநாடி கழித்து எல்லாம் திரும்பி வரும். பழைய பெட்டிகளில் இதை நன்றாகவே கவனிக்கலாம். ஏதோ பழுது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பழுதில்லை. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மேலே உள்ள கம்பியில் வேண்டுமென்றே மின்சாரம் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ரயில்வேக்காரர்கள் அதை நியூட்ரல் செக்‌ஷன் என்பார்கள்.

மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரம் மூன்று ஃபேஸ். ரயிலுக்குத் தேவை ஒன்றுதான். எல்லாத் துணைமின் நிலையமும் ஒரே ஃபேஸிலிருந்து உறிஞ்சினால் மின்வாரியத்தின் சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் அடுத்தடுத்த பகுதிகளுக்கு வெவ்வேறு ஃபேஸ் கொடுப்பார்கள். ரயிலின் கூரையில் நின்று கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராப் இரண்டு பகுதிகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் பெரிய ஷார்ட் சர்க்யூட் ஆகும். அது நடக்காமல் இருக்கத்தான் நடுவில் அந்த வெற்றுக் கம்பி. ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வந்த வேகத்திலேயே அதைக் கடந்துபோவார்.

இந்த ஏற்பாடு 25,000 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தோடு வந்தது. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் டிசி (நேர்திசை) மின்சாரம். 1960-களில் அதை ஏசிக்கு மாற்றினார்கள். கொல்கத்தாவில் 1957-ல் 3,000 வோல்ட் டிசியில் ஆரம்பித்தார்கள்; பத்து ஆண்டுகள் போலத்தான், அதுவும் ஏசிக்கு மாறியது. மும்பை மட்டும் மாறவில்லை. 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் கிளம்பியபோது இருந்த அதே 1,500 வோல்ட் டிசி, இந்த நூற்றாண்டிலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றி முடிக்க 2016 வரை ஆனது. தினமும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறி இறங்கும் ரயிலை ஒரு வாரம்கூட நிறுத்த முடியாது. நிறுத்தாமல் எப்படி மாற்றினார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில், ஏன் மாற்ற வேண்டும்? சின்னக் கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். 12 பெட்டி ரயில் ஒன்று நிலையத்திலிருந்து சீறிக் கிளம்பும்போது 4 மெகாவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு ஏறக்குறைய 2,670 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் 160 ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தை, அதாவது ஆம்பியரை அதே எண்ணால் பெருக்கி வருவதைப் பொறுத்தது. ஆக, ஒரே கம்பி என்றால் இழப்பு கிட்டத்தட்ட 280-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

டிசியில் இழப்பை அடக்க, கம்பியைத் தடிமனாக்க வேண்டும். துணைமின் நிலையங்களைச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். இடநெருக்கடிக்குப் பேர்போன மும்பையில் தண்டவாளத்தின் ஓரமாக அத்தனை கட்டடங்களுக்கு எங்கே போவது? காலை நேரத்தில் அடுத்தடுத்து நாலு ரயில் ஒன்றாகக் கிளம்பினால் கம்பியில் வோல்டேஜ் விழுந்துவிடும், எல்லா வண்டியும் சோர்ந்துபோகும். இன்னும் அதிக ரயில், இன்னும் நீளமான ரயில் என்று கேட்டால் பழைய கம்பியால் கொடுக்க முடியாது என்கிற நிலை.

அப்படியானால் 1925-லேயே ஏசி போட்டிருக்கலாமே என்று தோன்றலாம். அன்றைக்கு ரயிலை இழுக்கத் தோதான மோட்டார் என்றால் அது டிசி சீரிஸ் மோட்டார்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதற்குத்தான் இழுவிசை அதிகம். ஏசியை வண்டிக்குள்ளேயே டிசியாக மாற்றும் கருவிகளை ஒரு பெட்டிக்குள் அடக்கும் அளவுக்கு அப்போது தொழில்நுட்பம் வளரவில்லை. 1950-களில் பிரெஞ்சு ரயில்வே 25,000 வோல்ட்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய பிறகுதான், 1957-ல் இந்திய ரயில்வே அதையே தன் தரமாக எடுத்துக்கொண்டது. சென்னையும் கொல்கத்தாவும் சிறியதாக இருக்கும்போதே மாறிக்கொண்டன. மும்பை தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு ஆண்டும் டிசியில் மட்டும் ஓடும் வண்டிகள் இன்னும் கொஞ்சம் சேர்ந்தன, மாற்றுவது இன்னும் கொஞ்சம் கடினமானது.

திட்டமிட்டவர்களின் கையில் இருந்த தந்திரம் ஒன்றுதான்: பழைய மின்சாரத்திலும் புதிய மின்சாரத்திலும் வேலை செய்கிற பொருளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே பொருத்திவிடுவது. எல்லாம் தயாரான பிறகு, ஓர் இரவில் மின்சாரத்தை மட்டும் மாற்றுவது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசையில் ஒன்று பிசகினாலும் மறுநாள் காலை ரயில் ஓடாது.

வரிசையில் முதலில் வந்தவை ரயில் பெட்டிகள். உலக வங்கிக் கடனோடு நடந்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரேக்குகள் (பெட்டிகள் கோத்த முழு ரயில்கள்) வாங்கப்பட்டன. 2007-லிருந்து ஓடத் தொடங்கிய சீமென்ஸ் ரேக்குகளை மும்பைக்காரர்கள் பார்த்த உடனே அடையாளம் காண்பார்கள். அந்தப் பெட்டிகள் நம்முடைய பெரம்பூர் ஐசிஎஃப்பில் உருவானவை, மின்கருவிகள் சீமென்ஸுடையவை. அவை இரண்டு மின்சாரத்திலும் ஓடுவதன் சூட்சுமம் அழகானது. மோட்டாருக்கு முன்னால், வண்டிக்குள் ஒரு டிசி இணைப்பு இருக்கிறது. அதிலிருந்துதான் இன்வெர்ட்டர் மோட்டாருக்குத் தேவையான ஏசியைத் தயாரிக்கிறது. மேலே 1,500 வோல்ட் டிசி இருந்தால் நேராக அந்த இணைப்புக்கு வந்துவிடும். 25,000 வோல்ட் ஏசி இருந்தால் டிரான்ஸ்பார்மர் வழியாகக் குறைந்து, டிசியாக மாறி அதே இணைப்புக்கு வந்து சேரும். மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. மேலே எந்த மின்சாரம் இருக்கிறது என்று கருவி உறுதிசெய்த பிறகுதான் உள்ளே விடும். டிசிக்கான வழியில் தவறிப்போய் 25,000 வோல்ட்டை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டர்கள். 25,000 வோல்ட்டைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் 1,500-ஐயும் தாங்கும். பழைய சின்ன இன்சுலேட்டரால் 25,000-ஐத் தாங்க முடியாது. எனவே டிசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கம்பமாகப் பெரிய இன்சுலேட்டர்களைப் பொருத்தினார்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் நேரம் கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை வேலைக்காகச் சில மணி நேரம் ரயிலை நிறுத்திவைக்கும், மும்பை ஜனங்கள் சலித்துக்கொண்டே ஏற்கும் மெகா பிளாக்கும்தான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் நம்மவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போதுகூட எந்த லைனில் மெகா பிளாக் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு ஆச்சரியமான பகுதி சிக்னல். ஒரு பாதைத்துண்டில் ரயில் நிற்கிறதா இல்லையா என்று சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது? அந்தத் துண்டின் ஒரு முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். மறுமுனையில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அதை வாங்கிக்கொண்டிருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேவுக்கு மின்சாரம் போகாது, சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்புதான். பழுது எப்போதும் பாதுகாப்பான பக்கமே சாயும்படி அமைத்த இந்த டிராக் சர்க்யூட்டை நான் எப்போதும் வியந்து பார்ப்பேன்.

ஆனால் ரயிலை ஓட்டிய மின்சாரமும் அதே தண்டவாளம் வழியாகத்தான் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. அது டிசியாக இருந்தால் டிராக் சர்க்யூட் டிசியில் இருக்கக் கூடாது, குழம்பிவிடும். அதனால் டிசி பாதைகளில் ஏசி டிராக் சர்க்யூட் வைப்பார்கள். ஏசி பாதையில் அப்படியே தலைகீழ். மும்பையில் மின்சாரம் ஏசியாக மாறும் நொடியில் அத்தனை ஏசி டிராக் சர்க்யூட்டும் பயனற்றுப் போகும். பயனற்றுப் போனால்கூடப் பரவாயில்லை; ரயில் நிற்கும் இடத்தில் பாதை காலி என்று காட்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரண்டாலும் குழம்பாத கருவிகளை முன்கூட்டியே வைத்தாக வேண்டும்: ரயில் மின்சாரத்தின் அதிர்வெண்ணிலிருந்து விலகி, கேட்கும் ஒலியின் அதிர்வெண்ணில் இயங்கும் டிராக் சர்க்யூட்டுகள், சக்கர அச்சுகளை எண்ணிக் கணக்கு வைக்கும் ஆக்ஸில் கவுன்ட்டர்கள். பாதையோரத் தொலைபேசிக் கம்பிகளுக்கும் சிக்கல் உண்டு. பக்கத்தில் 25,000 வோல்ட் ஏசி ஓடினால் அவற்றிலும் தூண்டல் மின்சாரம் ஏறும். அவற்றையும் மாற்றினார்கள்.

எல்லாம் முடிந்ததும், வெளியிலிருந்து உள்ளே என்ற திசையில் மாற்றம் தொடங்கியது. விராருக்கு வடக்கேயும் இகத்புரிக்கு அப்பாலும் ஏற்கெனவே ஏசி வந்திருந்தது. அந்த எல்லையை நகரத்தை நோக்கிப் பகுதி பகுதியாக நகர்த்திக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லையில் வெற்றுக் கம்பி. மோட்டார்மேன் மின்சாரத்தைத் துண்டித்து உருண்டுபோய், அந்தப் பக்கம் புதிய மின்சாரத்தை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு பகுதிக்கும் ரயில் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி வேண்டும். அந்த ஆணையம் ரயில்வேயின் கீழ் வராமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருவது பலருக்குத் தெரியாத நல்ல ஏற்பாடு. மேற்கு ரயில்வே 2012 பிப்ரவரியில் முடித்தது. மத்திய ரயில்வேயின் மெயின் லைன் 2015 ஜூனில் மாறியது. டிசியில் மட்டும் ஓடத் தெரிந்த பழைய வண்டிகள், சுருங்கிக்கொண்டே வந்த டிசி தீவுக்குள் ஒதுங்கின. கடைசியில் ஹார்பர் லைன் மட்டும் மிஞ்சியது. 1925-ல் டிசி பிறந்த அதே பாதையில், 2016 ஏப்ரல் 9 இரவு கடைசி டிசி ரயில் ஓடியது.

பலன் உண்டு. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். டிசியில் அதை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் இன்னொரு ரயில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீண். டிசி துணைமின் நிலையத்தில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒருவழிப் பாதை. ஏசியில் டிரான்ஸ்பார்மர் வழியாக அது மின்வாரியம் வரைக்கும் திரும்பிப் போகலாம். நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் புறநகர் ரயிலுக்கு இது சின்ன லாபமில்லை.

ஒரு தடையை மட்டும் எந்தத் தந்திரத்தாலும் தாண்ட முடியவில்லை: பாலங்கள். 25,000 வோல்ட் கம்பிக்கும் மேலே உள்ள பாலத்துக்கும் இடையே சாதாரணமாக 320 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். டிசிக்கு அதைவிட மிகக் குறைவாகவே போதும். அந்த நம்பிக்கையில்தான் பழைய பாலங்களின் கீழ் கம்பியை நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். சில இடங்களில் தண்டவாளத்தைத் தாழ்த்தினார்கள், சில இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே 1879-ல் கட்டிய ஹான்காக் பாலத்துக்கு இரண்டும் போதவில்லை. 2016 ஜனவரியில், ரயில்களை நிறுத்தி அதைப் பிரித்து எடுத்தார்கள். பெட்டி, இன்சுலேட்டர், சிக்னல் என்று அத்தனைக்கும் மாற்றை முதலில் வைத்துவிட்டுப் பழையதை எடுத்தவர்கள், பாலத்துக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. புதிய பாலத்தின் ஒரு பகுதி திறக்க 2022 ஆனது. அதுவரை அந்தப் பகுதி மக்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உட்பட, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தார்கள். நடைமேம்பாலமாவது வேண்டும் என்று கேட்டு வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது.