எர்த் பைப் யார் பொறுப்பு, ஆர்.சி.சி.பி. எதற்கு: எல்லையோர வீடுகளுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர்த் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வயரிங் செய்ய வருகிறவர் பொள்ளாச்சிக்காரர், கரண்ட் கொடுப்பது கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. அவர் வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வேலை முடிந்த சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் கேரள அரசு லைசென்ஸ் தந்தவராகவோ, அந்த அரசு ஏற்றுக்கொண்டவராகவோ இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

காகிதமெல்லாம் சரியாகக் கொடுத்துவிட்டால் கனெக்‌ஷனுக்கு நாள் கணக்கு இருக்கிறது. 2020-ல் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2024-ல் திருத்தப்பட்டன. அதன்படி நகராட்சியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள், மலைப்பகுதிக் கிராமத்தில் 30 நாள். புது லைன் இழுக்க வேண்டியிருந்தால் நீளும்.

இனி எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் இறங்கி, ஒரு ஃபேஸும் (கரண்ட் வரும் கம்பி) ஒரு நியூட்ரலுமாக (அது திரும்பும் கம்பி) 230 வோல்ட் வீட்டுக்கு வருகிறது. அந்த நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் அடியிலேயே மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் (2010-ல் வந்தவை, 2023-ல் புதுப்பிக்கப்பட்டவை) இதில் கடமை வைத்திருக்கின்றன. சப்ளை நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி ஒரு எர்த் முனையைக் கொடுத்துப் பராமரிப்பது மின்சாரம் தருகிறவர் வேலை. அது போக, மண்ணுக்குள் தனி எலெக்ட்ரோடு (பைப்போ கம்பியோ) போட்டு சொந்த எர்த் வைத்துக்கொள்வது நமக்கு நல்லது. மீட்டரைத் தாண்டிய வயரிங் முழுக்க நம் தலையில்தான்.

சொந்த எர்த் என்றால் பெரும்பாலும் மண்ணில் இறக்கிய இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், அதன் தலைமாட்டில் மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி. போட்ட அன்றைக்கு எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம், பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் போன பங்குனியில் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பைப்பில் கம்பியைப் பிடித்திருந்த போல்ட் துருப்பிடித்து உதிர்ந்து, கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ! சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைவு. மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும். கோடையில் அந்தத் தொட்டியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

எர்த் இருந்தால் போதுமா? கிரைண்டர் உடம்பில் ஃபேஸ் ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மண்ணில் உங்கள் எர்த்தின் தடை 20 ஓம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். போர்டில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (தானே கட் ஆகும் சுவிட்ச்) அதற்கு அசையவே அசையாது. அதன் வேலை ஓவர்லோடையும் ஷார்ட்டையும் பிடிப்பது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

அந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிவைக் கண்டால் கட் செய்யும் சுவிட்ச். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கட் செய்துவிடும். ஆனால் ஓவர்லோடு அதற்குத் தெரியாது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதுவும் காப்பாற்றாது. ஆகவே எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். "கட்டாயமா?" என்று கேட்டு நேரம் கடத்தாதீர்கள், சின்ன வீடானாலும் போடுங்கள்.

மிக்ஸி போட்டால் டிரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். டிரிப் ஆனால் மிக்ஸியைப் பாருங்கள். அதே மாதிரி, எர்த் பைப் போடச் சோம்பி, பிளக் பாயிண்டில் நியூட்ரலையே எர்த் முனையில் சுற்றிவிடுவதும் நடக்கிறது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தப் பிளக்கில் மாட்டிய சாமான்களின் இரும்பு உடம்பெல்லாம் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

மீட்டர் பக்கத்து எர்த் முனை இல்லை, அல்லது அறுந்து கிடக்கிறது என்றால் செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1912-க்கும் கூப்பிடலாம். நடக்காவிட்டால் 2003 மின்சாரச் சட்டப்படி நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்கு மேல் மின்சார ஓம்பட்ஸ்மன். ஷாக் அடித்து விபத்தே நடந்திருந்தால் விசாரிப்பது எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட். அது மாநில அரசுத் துறை. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி அதன் தலைமைக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில்தான் வர வேண்டும்.