குளிர் ஊரில் ஸ்டார் லேபிள்: கீசரில் பார்க்க வேண்டிய எண்

கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லும் அறிவுரை எல்லாம் ஏ.சி.யில்தான் ஆரம்பிக்கும். கோத்தகிரியில் யார் வீட்டில் ஏ.சி. இருக்கிறது? ஃபேனே மாட்டாத வீடுகள் எத்தனையோ. இங்கே பில்லை ஏற்றுவது கீசர். உறைபனி விழும் மாதங்களில் கூடவே ரூம் ஹீட்டர்.

ஸ்டார் லேபிள் திட்டத்தை மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2006-ல் கொண்டுவந்தது. ஃப்ரிட்ஜ், டி.வி., தொட்டி வைத்த கீசர் போன்றவற்றை இந்த லேபிள் இல்லாமல் விற்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் அதே விதி. ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார். கூடக் கூட மின்செலவு குறைவு. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

கீசரில்தான் பலரும் தடுமாறுகிறோம். ஃபைவ் ஸ்டார் வாங்கினால் குறைந்த கரண்டில் தண்ணீர் சுடும் என்று நினைப்பு. அப்படி இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் வேண்டும். அதில் ஒரு ஸ்டாரும் ஐந்து ஸ்டாரும் ஒன்றுதான். (சென்னையில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வருவதால் 0.4 யூனிட்டில் வேலை முடிந்துவிடும். அது அவர்கள் கொடுப்பினை.) சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வெளியே கசிகிறது என்பதற்குத்தான் ஸ்டார்.

லேபிளில் அந்தக் கசிவு 24 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே 45 டிகிரி என்றும் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அது. 60 டிகிரி தண்ணீர், 15 டிகிரி குளியலறை: ஏதோ நம் மலைக்காகவே எழுதியது போலிருக்கும்! சமவெளியில் காற்றே 30 டிகிரி என்பதால் கசிவு அந்த எண்ணைவிடக் குறைவு; நமக்கு அது முழுசாகப் பொருந்தும். எண் 0.6 என்றால், ஸ்விட்சை அணைக்காமலே விடும் வீட்டில் 2 மாதத்தில் 36 யூனிட் வீண். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, உடனே அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஐந்தாவது ஸ்டாருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. காலையில் மூன்று பேர், ராத்திரி இரண்டு பேர் என்று குளிக்கும் வீட்டுக்கு அந்த ஸ்டார் வேண்டும்.

லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்குகிறார்கள். பழைய ஐந்து, புதிய கணக்கில் மூன்றாகக்கூட ஆகலாம். நான் ஒரு கடையில் ஃபைவ் ஸ்டார் என்று வாங்கி வந்து, வீட்டில் பெட்டியைப் பிரித்த பிறகுதான் காலம் கடந்த லேபிள் என்று கண்டேன். பழைய சரக்கு. வாயை மூடிக்கொண்டு மாட்டிவிட்டேன்.

ஃப்ரிட்ஜில் ஸ்டாரைவிட, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையே ஒப்பிடுங்கள். பெரிய ஃபைவ் ஸ்டார், சின்ன த்ரீ ஸ்டாரைவிட அதிகம் குடிக்கலாம். ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான கணக்கு. நம்மூர்க் குளிரில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஓடும்.

ரூம் ஹீட்டரில் ஸ்டார் தேடாதீர்கள். 2000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட், எந்தக் கம்பெனியானாலும். தினம் 2 மணி நேரம் போட்டால், 2016-ல் இலவசம் என்று வந்ததே அந்த 100 யூனிட், அது 25 நாளில் காலி. எங்கள் வீட்டில் கதவின் அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தோம்; இப்போது ஒரு மணி நேரமே போதுமானதாக இருக்கிறது.