பல் போன நாயின் வாய்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து குழித்துறை வரைக்கும் உள்ள ஊர்களில் பல வீட்டுத் திண்ணைகளில் ஒரு கிழட்டு நாயைப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தையும் கோழிக்கூட்டையும் காவல் காத்திருக்கும். வாயைத் திறந்தால் பல் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "பல்லு மொத்தமும் போச்சே, இனி அது எப்படித் தின்னும்?"

நமக்குப் பல் போனால் முறுக்கும் போச்சு, கறியும் போச்சு. அதே கணக்கை நாய்க்கும் போட்டுப் பார்க்கிறோம். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. பல் இருந்த காலத்திலேயே நாய் சோற்றை மென்றதில்லை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22. நம்மைவிடப் பத்து கூடுதல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அரைப்பதற்கு ஆகாதவை. முன்வரிசையில் இருக்கும் சின்ன வெட்டுப்பற்கள் கொறிக்கவும் சுரண்டவும் உதவும். நான்கு கோரைப்பற்கள் கவ்விப் பிடிக்க. கடைவாயில் மேல்வரிசையின் நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழ்வரிசையின் முதல் கடைவாய்ப்பல்லும் பாக்குவெட்டியின் இரண்டு அலகு மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும். சதை துண்டாவது அங்கேதான். எலும்பு கிடைத்தால் நாய் தலையைச் சாய்த்து வாயின் ஓரத்துக்குத் தள்ளிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஜோடிப் பல்லைத் தேடித்தான். மாடு அசைபோடும்போது அதன் தாடை பக்கவாட்டில் போய்வரும். நாயின் தாடை மூட்டு அதற்கு இடம் தராது, மேலும் கீழும் மட்டுமே அசையும். அதனால் விழுங்கும் அளவுக்குத் துண்டு போட்டதும் வாயின் வேலை முடிந்துவிடுகிறது.

எச்சிலும் அப்படித்தான். நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதி இருக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால். நாயின் எச்சிலில் அந்த நொதி அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். சோறு வழுக்கிக்கொண்டு இறங்க அந்த எச்சில் உதவும், அவ்வளவுதான். இரைப்பையின் கடும் அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகு கணையம் சுரக்கும் அமிலேஸ்தான் சோற்றைச் சர்க்கரையாக்குகிறது. இதில் நாய் ஓநாயை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், அந்த அமிலேஸுக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளும் நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருந்தன. உழவர்களின் மிச்சச் சோற்றுக்குப் பழகிவந்த பிராணி அது. நம் வீட்டுக் கஞ்சிக்குப் பழகிய குடல்தான், பல் போனதால் அந்தக் குடலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் கவலைப்படவே வேண்டாமா? வேண்டும். ஆனால் பல் போன பிறகு படுகிற கவலையில் பாதியைப் பல் போவதற்கு முன்பே பட்டிருக்க வேண்டும்.

நாய்க்குச் சொத்தைப்பல் அபூர்வம். நம் எச்சிலைவிட நாயின் எச்சில் காரத்தன்மை கூடியது. பல்லை அரிக்கிற அமிலம் அதில் எளிதில் தங்காது. ஆனால் அதே காரத்தன்மையால் சுண்ணாம்பு உப்புகள் பல்லின் மேல் சீக்கிரம் படிகின்றன. தின்று முடித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பல்லின் மேல் மெல்லிய வழுவழுப்பான படலமாகப் பரவும். துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் அது கெட்டியாகிப் பழுப்புக் காரையாகிவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் காரை. கேடு செய்வது அதற்கும் அடியில், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில். காற்றுப் புகாத அந்த இடத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றை விரட்ட உடம்பு நடத்தும் சண்டையில் ஈறு வீங்குகிறது, பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அறுகின்றன, வேரைச் சுற்றியுள்ள தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பிடிமானம் போன பல் ஆடுகிறது. பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டில் கிடக்கிறது.

இதற்கு வருஷக்கணக்காகும், அத்தனை வருஷமும் வலி. நாய் வலியை வெளியே காட்டுவது குறைவு. பசி அதைவிடப் பெரிதென்பதால் வலித்தாலும் தின்றுவிடும். 'நல்லாத்தானே தின்னுது' என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஒரு பக்கமாகவே கடிப்பது, தட்டருகே போய்விட்டுத் திரும்பி வருவது, வாயிலிருந்து சோறு சிந்துவது, முகத்தைக் காலால் தேய்ப்பது, தலையைத் தடவப் போனால் உறுமுவது எல்லாம் வாய் வலியாக இருக்கலாம். நாற்றம் அடிக்கும் வாயை 'நாய் வாய்னா அப்படித்தான்' என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். நல்ல ஈறுள்ள நாயின் வாய் அப்படி நாறாது.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குக் கீழே திடீரென்று ஒரு வீக்கம் வரும், சில நாளில் உடைந்து சீழ் வடியும். தேளோ குளவியோ கொட்டியதென்று மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். பல நேரம் அது மேல்தாடையில் நான் சொன்ன அந்தக் கடைவாய்ப் பல்லின் சீழ். அந்தப் பல்லுக்கு மூன்று வேர்கள், அவை மேல்நோக்கிப் போய்க் கண்ணுக்குக் கீழே முடியும். கல், சிரட்டை, பெரிய மாட்டெலும்பு என்று எதையாவது கடித்து அந்தப் பல் விண்டுபோனால் விரிசல் வழியாகக் கிருமி வேருக்குப் போய்விடும். பூச்சு மருந்து எதுவும் அங்கே எட்டாது. பல்லைப் பிடுங்கினாலோ வேர் சிகிச்சை செய்தாலோதான் ஆறும்.

பிடுங்கவேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னால் "வயசான நாய், மயக்கம் தாங்குமா?" என்று தயங்குவார்கள். வயது மட்டும் தடை அல்ல. இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ற மயக்கமருந்தைத்தான் மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மயக்கம் இல்லாமல் மேலாகக் காரையைச் சுரண்டினால் பல் வெளுக்கும், ஈறுக்கடியில் உள்ள நோய் அப்படியே இருக்கும். பிடுங்கிய இடத்தில் ஈறு சுமார் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். அதன் பிறகு பல நாய்கள் முன்னைவிட ஆவலாகத் தின்பதைப் பார்த்து வீட்டார் ஆச்சரியப்படுவார்கள். வலி போய்விட்டதே, வேறென்ன? இடைப்பட்ட நாளில் நம் வீட்டு வலிமாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பல் போன வாயில் சில மாறுதல்கள் வரும். கீழ்க் கோரைப்பற்கள் நாக்குக்கு இரு பக்கமும் வேலியாக நிற்பவை. அவை போனால் நாக்கு ஓரமாக வெளியே தொங்கும், நுனி காய்ந்து வெடிக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருந்தால் போதும். பயப்பட வேண்டியது வேறொன்று: தின்னும்போது தும்மல், ஒரு மூக்கில் மட்டும் சளி. மேல் கோரைப்பல்லின் நீண்ட வேருக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய எலும்பு. நோய் அதை அரித்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை விழுந்து கஞ்சி மூக்குக்குள் போகும். அதைத் தைத்துத்தான் மூடவேண்டும். சின்ன ஜாதி நாய்களில் கீழ்த்தாடை எலும்பும் மெலிந்துவிடும். "சும்மா சப்பட்டும்" என்று அதற்கு எலும்பு போட்டால் தாடையே முறியலாம்.

இனி சாப்பாடு. நம் பக்கத்தில் பல் போன நாய்க்கு முதலில் ஊற்றுவது கஞ்சித்தண்ணிதான். இரக்கத்தோடுதான் ஊற்றுகிறோம், ஆனால் கணக்குப் பார்த்தால் அது அரைப்பட்டினி. 12 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே நாளொன்றுக்கு 450 கிலோகலோரி செலவாகும். எழுந்து நடமாடுகிற கிழட்டு நாய்க்கு 550 முதல் 600 வரை வேண்டும். 50 கிராம் அரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் வேகவைத்த கஞ்சி முழுவதையும் குடித்தாலும் கிடைப்பது சுமார் 175. வயிறு உப்பும், முதுகெலும்பு தெரியத் தொடங்கும், பழியை வயசின் மேல் போடுவோம். 100 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து, 100 கிராம் சாளை (மத்தி) மீன் சதையும் ஒரு முட்டையும் பிசைந்து கொடுத்தால் 550-ஐத் தாண்டிவிடும், முப்பது கிராமுக்கு மேல் புரதமும் சேரும். வயசான உடம்பில் தசை கரைவது வேகமாக நடக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற வரைக்கும் கிழட்டு நாய்க்குப் புரதத்தைக் குறைப்பது தவறு.

தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் சாளை இறங்கும் நாட்களில் இது செலவு குறைந்த சாப்பாடு. பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தால் சாளையின் முள் விரலால் நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும், சுண்ணாம்புச்சத்தும் அதிலேயே கிடைக்கும். அயிலைக்கும் பெரிய மீனுக்கும் முள்ளை எடுத்துவிட வேண்டும். அப்படி முள்ளில்லாமலே தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறையும். கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டை எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மீன்கறியில் பிசைந்த சோறு மட்டும் வேண்டாம். காரத்தைவிட அதிலுள்ள உள்ளிதான் (வெங்காயம்) ஆபத்து. உள்ளியிலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. மசாலா அரைக்கும் முன்பே நாய்க்கான மீனை எடுத்து வைத்துவிடுவதே சுலபம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும்.

மரச்சீனி (மரவள்ளி) கொடுக்கலாமா என்று கேட்பார்கள். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, நம் வீட்டு நாய்க்கும் பழக்கமானதுதான். தோலுரித்து, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் அதிலுள்ள சயனைடு தரும் பொருள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதில் புரதம் மிகச் சொற்பம். பல்லில்லாத வாயில் அது இன்னொரு தொல்லையும் தரும்: பசையாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உருண்டையாகத் தொண்டையில் அடைக்கும். இட்லிக்கும் குழைந்த சோற்றுக்கும் அதே பயம் உண்டு. பல் இருந்தபோது துண்டாக்கிய வேலையை இப்போது நம் கைதான் செய்யவேண்டும். மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றி, உதிரியாகவும் ஈரமாகவும் பிசைந்து வைத்தால் நாக்கால் வாரிக்கொள்ளும். நாக்கால் தள்ளித் தள்ளித் தின்பதால் லேசான தட்டு நகர்ந்துகொண்டே போகும். கனமான மண்சட்டியைச் சுவரோரம் வைப்பது நல்லது. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரியுங்கள். உடம்புச் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் மணம் நன்றாகக் கிளம்பும். வயசான நாய்க்கு ருசியைவிட மணம்தான் பசியைத் தூண்டும்.

தண்ணீர் குடிக்கப் பல் வேண்டாம். நாய் நாக்கின் நுனியைப் பின்பக்கமாக மடித்துத் தண்ணீரில் தட்டி இழுக்கும். நாக்கோடு ஒட்டி மேலெழும் தண்ணீரை, அது விழுவதற்குள் வாயை மூடிப் பிடித்துக்கொள்ளும். 2011-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எக்ஸ்ரே காணொளி எடுத்து இதைக் காட்டினார்கள்.

பல்லுக்குத் தின்பதைத் தவிர வேறு வேலைகளும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உண்ணி ஊறினால் நாய் முன்வெட்டுப்பற்களால் ரோமத்தைக் கொறிக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பல் போனால் உண்ணி நிம்மதியாகக் குடியிருக்கும். மழையும் வெக்கையும் மாறி மாறி வரும் இந்தப் பக்கத்தில் உண்ணி வழியாக எர்லிக்கியா, பபீசியா போன்ற ரத்தநோய்கள் தொற்றுவது சகஜம். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தினமும் கைவிட்டுப் பார்ப்பது அதற்குப் பல் செய்த உதவியை நாம் செய்வது. தெருநாய்கள் சூழ்ந்தால் திருப்பிக் கடிக்கவும் அதனால் முடியாது. ராத்திரியில் அவிழ்த்துவிடாமல் உள்ளே கட்டுங்கள்.

கடைசியாக வெறிநாய்த் தடுப்பூசி. "பல்லே இல்ல, யாரைக் கடிக்கப் போவுது, ஊசி எதுக்கு?" என்று கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெறிநோய்க் கிருமி பல்லில் இல்லை, எச்சிலில் இருக்கிறது. நோய் வந்த நாய் நம் கையில் உள்ள கீறலை நக்கினாலே போதும். அதோடு தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் தவிப்பது எல்லாம் வாய் வலியிலும் வரும், வெறிநோயிலும் வரும். தடுப்பூசி போடாத நாயிடம் இவை தெரிந்தால், தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிட வேண்டாம். தனியாகக் கட்டிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.