அட்டர்னி என்றால் அரசு வழக்கறிஞரா?

“அமெரிக்க அதிபர் ஆவதற்கு முன்பு ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தார்.” இந்த வரியைத் தமிழில் எத்தனை இடங்களில்தான் படிப்பது! வாழ்க்கைக் குறிப்புகளில் வருகிறது, மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் வருகிறது, படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளில்கூட வருகிறது. லிங்கன் அந்தப் பதவியில் இருந்ததே இல்லை. மூலத்தில் ‘அட்டர்னி’ என்று இருந்திருக்கும். அதைக் கண்டதும் ‘அரசு’ என்ற சொல்லை யாரோ முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

பழைய பிரெஞ்சில் ‘ஒருவரிடம் ஒப்படை, நியமி’ என்ற பொருளில் வழங்கிய வினையிலிருந்து பிறந்தது அட்டர்னி. தனக்குப் பதிலாகச் செயல்பட ஒருவர் நியமித்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அட்டர்னி வேறு, நீதிமன்றத்தில் எழுந்து வாதாடும் பாரிஸ்டர் வேறு. 1873இல் வந்த சட்டத்தோடு அங்கே அட்டர்னி என்ற தொழிற்பெயர் சொலிசிட்டருக்குள், அதாவது கட்சிக்காரருக்காகச் சட்ட ஆவண வேலைகளைப் பார்ப்பவரின் பெயருக்குள், கரைந்துபோனது. அமெரிக்காவில் இந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. பத்திரம் எழுதுபவரும் வாதாடுபவரும் ஒருவரே, அவர் பெயர் அட்டர்னி.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், இந்தியாவில் இன்று இந்தச் சொல் நம் காதில் விழுவது பெரும்பாலும் அட்டர்னி ஜெனரல் என்ற பதவியோடு சேர்ந்துதான். அவர் அரசுக்காக வாதாடுபவர். அதனால் அட்டர்னி என்றாலே அரசுத் தரப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. அமெரிக்கத் தொடர்களில் அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்த வரும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அதை இன்னும் இறுக்கிவிட்டார்.

இது சின்னப் பிழை, விட்டுவிடலாம் என்கிறவர்கள் 1858இல் பியர்ட்ஸ்டவுனில் நடந்த கொலை வழக்கைப் பார்க்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவன் டஃப் ஆம்ஸ்ட்ராங், லிங்கனின் பழைய நண்பர் ஜாக் ஆம்ஸ்ட்ராங்கின் மகன். இரவு பதினோரு மணிவாக்கில் நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் முக்கியச் சாட்சி. லிங்கன் அவரை அந்த நிலாவைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார்: 1857 ஆகஸ்ட் 29 அன்று அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. டஃப் விடுதலை ஆனான். லிங்கன் கட்டணம் வாங்கவில்லை. இப்போது இந்த லிங்கனை அரசு வழக்கறிஞர் என்று எழுதிப் பாருங்கள். பையனைத் தூக்குக்கு அனுப்ப நின்றவர் ஆகிவிடுகிறார்!

1847இல் நடந்த மேட்சன் வழக்கில் நிலைமை இன்னும் மோசம். ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் தன் அடிமைகள் என்று கோரிய ராபர்ட் மேட்சனுக்காக லிங்கன் வாதாடினார், தோற்றார். அவர் வாழ்வில் பலரை உறுத்தும் வழக்கு இது. அங்கே ‘அரசு வழக்கறிஞர்’ என்று போட்டால், இல்லினாய் அரசே அடிமை உடைமையாளருக்காக வழக்காடியதாகப் பொருள்படும். ஒரு சொல் மாறியதில் ஒரு மாநிலத்தின் மீதே பொய்ப்பழி விழுகிறது.

அந்த மாநிலத்தில் அரசு வழக்கறிஞர் பதவி தனியாகவே இருந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் டக்ளஸ், பிற்பாடு லிங்கனின் பெரும் அரசியல் போட்டியாளர். 1835இல், இருபத்தொரு வயதில், அந்தப் பதவிக்கு வந்தார். எப்போதாவது லிங்கனும் ஒரு வழக்கில் அரசுத் தரப்புக்குத் துணையாக நின்றதுண்டு. அது பதவி ஆகாது. டக்ளஸ் வகித்த பதவியைத் தூக்கி லிங்கனுக்குக் கொடுக்கிறோம் என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவே இல்லை.

லிங்கன் வகித்தது வேறு பதவி. 1832இல் தோற்று, 1834இல் வென்று, 1842 வரை நான்கு தடவை மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை உறுப்பினர். அதையும் ‘பாராளுமன்ற உறுப்பினர்’ என்று எழுதுகிறார்கள். வாஷிங்டனில் கூடும் காங்கிரசுக்கு அவர் போனது 1847இல்தான், அதுவும் ஒரே ஒரு தவணை. சட்டமன்றத்தில் இருந்தபோதே சொந்தமாகச் சட்டம் படித்து 1836இல் உரிமம் பெற்றார். 1837இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து ஜான் ஸ்டூவர்ட்டோடு கூட்டாகத் தொழில் தொடங்கினார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குதிரையிலோ வண்டியிலோ ஊர் ஊராக நீதிபதியோடு சேர்ந்து சுற்றி, கடன் வழக்குகளே பெரும்பாலாகப் பார்த்தவர். இதில் அரசு எங்கே வந்தது?

சரி, அட்டர்னிக்குத் தமிழ் என்ன? வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘சட்ட முகவர்’ என்று சிலர் ஆக்கியிருக்கிறார்கள். தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு, ஆனால் இதை ஏற்க முடியாது. முகவர் என்றதும் காப்பீட்டு முகவரும் வாக்குச்சாவடி முகவரும்தான் நினைவுக்கு வருவார்கள். எழுந்து நின்று சாட்சியை மடக்குகிற ஆள் வரமாட்டார். பத்திரப்பதிவில் ‘பவர்’ கொடுக்கிறோமே, அங்கே ‘அதிகார முகவர்’ சரியாகப் பொருந்தும். அந்த அட்டர்னி வழக்காடுபவராக இருக்க வேண்டியதில்லை. அங்கே பொருந்துவதை நீதிமன்றத்துக்கு இழுத்து வரக்கூடாது.

உண்மையில் வேர்ப்பொருளுக்கு மிக அருகில் நிற்பது நாம் ‘வடசொல்லும் இல்லை, தமிழும் இல்லை’ என்று ஒதுக்குகிற வக்கீல்தான். அரபு வழி வந்த அந்தச் சொல்லுக்கும் ‘பதிலாள்’ என்றே பொருள். கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வக்காலத்து, பிரெஞ்சு வினை சொன்ன அதே ஒப்படைப்புத்தான். ‘அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்று வீட்டுச் சண்டையில் கேட்கிறோமே, அதில் அட்டர்னியின் முழுப்பொருளும் இருக்கிறது.

எழுத்தில் தமிழாகவே வேண்டும் என்றால் ‘வழக்கறிஞர்’ போதும். வாதத்தை அழுத்திச் சொல்லும் ‘வழக்குரைஞர்’ அழகான சொல், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைவூட்டும். ஆனாலும் பத்திரமும் கடன் சீட்டுமாக உழைத்த லிங்கனுக்கு முன்னதே நெருக்கம். இலங்கைத் தமிழர் ‘சட்டத்தரணி’ என்பார்கள். வாதாடும் அப்புக்காத்து (அட்வகேட்), பத்திர வேலை பார்க்கும் பிறக்கிராசி (பிராக்டர்) என்ற இரண்டு பிரிவுகளும் அங்கே 1970களில் ஒன்றானபின் நிலைத்த சொல் அது. வாதமும் பத்திரமும் ஒரே ஆளிடம் இருக்கும் அமெரிக்க முறைக்கு அது கச்சிதமாகவே ஒத்துவருகிறது.

‘அரசு வழக்கறிஞர்’ என்பதை டக்ளஸின் பதவிக்கும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். லிங்கன் 1861இல் அட்டர்னி ஜெனரலாக அமர்த்திய எட்வர்ட் பேட்ஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி விளக்கம் தேவைப்படும். அங்கே அந்தப் பதவியில் இருப்பவர் அமைச்சரவையிலும் ஒருவர். நம் ஊர் அட்டர்னி ஜெனரல் அமைச்சர் அல்ல.